சைட்டில் முளைத்தவை

கோவையில் எங்கள் வடவள்ளியில் வீடு எழும்பாத மனையை 'சைட்' என்போம். ஒரு காலத்தில் சோளமும் தட்டைப்பயறும் விளைந்த காடுகள் இவை. அளந்து கல் நட்டு விற்ற பிறகு பல மனைகள் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். சொந்தக்காரர் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருப்பார். அக்கம்பக்கத்தார் குப்பை போடுவார்கள். யாரோ ராத்திரியில் கட்டட இடிபாட்டைக் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போவார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குச் சாரல் நுழைந்ததும் அத்தனை மனைகளும் பச்சை கட்டிவிடும். அந்தப் பச்சையில் எது இந்த மண்ணுடையது, எது வெளியிலிருந்து வந்து மற்றதையெல்லாம் அமுக்கிக்கொண்டு வளர்வது என்று பிரித்துப் பார்ப்பதற்கு, வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன். வாழ்க்கையில் நான் படித்த படிப்புகளில் அதையே பெரிதாக நினைக்கிறேன்.

நாங்கள் ஒரு சிறிய கூட்டம். தையல் கடை வைத்திருப்பவர், ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர், வேளாண் கல்லூரியில் படிக்கும் பெண், ஓட்டுநர் ஒருவர், சில பள்ளிப் பிள்ளைகள், நான். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெருக்கள், ஓடைக்கரை, குளக்கரை, காலி மனைகள் வழியாக நடப்போம். அயல் களைச்செடி கண்ணில் பட்டால் படமெடுத்து, இடத்தைக் குறித்து, சொல்ல வேண்டிய இடத்துக்குச் சொல்வோம். பிடுங்கக்கூடியதைப் பிடுங்குவோம். இந்தக் கூட்டத்துக்கு இன்றுவரை ஒரு பெயர் வைக்கவில்லை.

இது தொடங்கியது வெட்டக் கூடாத மரங்களை யாரோ வெட்டியதால். 2016இல் வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்தது. அடுத்த கோடையில் எங்கள் பகுதியில் ஆழ்துளைக் கிணறுகள் ஒவ்வொன்றாக நின்றன. 2017 தொடக்கத்தில் சீமைக்கருவேல மரங்களை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டிருந்தது. அந்த வழக்கு தென் மாவட்டங்களை ஒட்டி எழுந்தது என்றாலும், வேகம் எல்லா ஊருக்கும் பரவியது. தண்ணீரைக் குடித்துத் தீர்ப்பது இந்த மரம்தான் என்ற கோபத்தில் இளைஞர்கள் அரிவாளோடு கிளம்பினார்கள். நல்ல பிள்ளைகள். சனி, ஞாயிறு வெயிலில் கை கிழிய உழைத்தார்கள். ஓடையோரம் அவர்கள் வெட்டிச் சாய்த்தவற்றில் இரண்டு மரங்கள் வெள்ளவேல்.

கொங்கு நாட்டில் வெள்ளவேலாமரம் எப்படிப்பட்ட மரம் என்று இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். காங்கேயம், தாராபுரம் பக்கம் கொரங்காடு என்று மேய்ச்சல் நிலம் வைத்திருப்பார்கள். சுற்றிலும் முள்கிளுவை வேலி, தரையில் கொழுக்கட்டைப்புல், நடுநடுவே வெள்ளவேல். மழை குறைந்த அந்த வட்டாரத்தில் காங்கேயம் மாடுகளையும் ஆடுகளையும் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிய ஏற்பாடு அது. புல் காய்ந்த மாதங்களில் வெள்ளவேலின் நெற்று ஆடுகளுக்குத் தீனி. அதன் நிழலில் புல் சாகாது. அந்த மரத்தைத்தான் முள் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகச் சாய்த்திருந்தார்கள்.

பேராசிரியர் அந்த வழியாக நடைக்கு வந்தவர். அவர் சத்தம் போடவில்லை. வெட்டிக் கிடந்ததில் ஒரு சிறு கிளையை ஒடித்தார். எதிர்ப்புறம் நின்ற அசல் சீமைக்கருவேலத்தில் ஒரு கிளை, கொஞ்சம் தள்ளி நின்ற நாட்டுக் கருவேலத்தில் ஒரு கிளை. மூன்றையும் ஒரு செய்தித்தாளை விரித்து அதன்மேல் வைத்தார். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நானும் பக்கத்தில் போனேன்.

"தம்பி, முள்ள மட்டும் பாக்காதீங்க. பூவப் பாருங்க. கருவேலத்துக்கு மஞ்சளா, உருண்டையா இருக்கும். சீமைக்கருவேலத்துக்கு உருண்டை கிடையாது, நீளமா வால் மாதிரி தொங்கும். கருவேலங்காய் விதைக்கு விதை இடுங்கி மணி கோத்தாப்பல இருக்கும். இது அப்படியில்ல, சதப்பத்தா இருக்கும், இனிக்கும். வெள்ளவேலுக்குப் பட்டையே வெளுப்பு, பேரே அதுதான்."

பையன்களில் ஒருவன் வெட்டிய மரத்தின் பட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றான். அடுத்த வாரம் அவன் பேராசிரியர் வீட்டுக்குப் போய், "சார், எனக்கும் சொல்லிக் குடுங்க" என்று கேட்டிருக்கிறான். நானும் கேட்டேன். அவன்தான் எங்கள் குழுவின் ஓட்டுநர்.

சீமைக்கருவேலம் வந்த கதையைப் பேராசிரியர் அப்போது சொன்னார். 1870களில் மதராஸ் மாகாணத்தில் வனத்துறை அதிகாரியாக இருந்த பெட்டோம், வறண்ட நிலத்தில் விறகுக்கு உதவும் என்று ஜமைக்காவிலிருந்து விதை தருவித்து, கடப்பை மாவட்டம் கமலாபுரத்தில் நடவைத்தார். விறகுக்கு உதவத்தான் செய்தது. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் விவசாயம் பொய்த்த வருடங்களில் கரிமூட்டம் போட்டுப் பிழைத்த குடும்பங்கள் ஏராளம். இனிக்கும் காயைத் தின்ற ஆடு மாடுகள் போகும் வழியெல்லாம் சாணத்தோடு விதையைப் போட்டன. கண்மாய்களுக்குள் மரம் புகுந்தது. ஒரு செடியை எதிரி என்று அறிவிப்பது சுலபம். அது யாருடைய அடுப்பை எரித்தது, எந்த வழியாகப் பரவியது என்று தெரிந்துகொண்டு அகற்றுவதுதான் நான் மதிக்கிற வேலை. பேராசிரியர் எங்களுக்கு விதித்த முதல் விதியும் அதுவே: எதை வெட்டக் கூடாது என்று முதலில் கற்றுக்கொள்ளுங்கள், வெட்டுவதைப் பிறகு பார்க்கலாம்.

பாடம் தெருவிலேயே நடந்தது. இலை எதிரெதிராக இருக்கிறதா, மாறி மாறியா? தண்டு உருண்டையா, பட்டையா? ஒடித்தால் உள்ளே பொள்ளலா? பூவுக்குக் காம்பு உண்டா, தண்டோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா? கசக்கினால் என்ன வாசனை? ஒரு கைலென்ஸ் கொடுத்தார். அதில் கிணற்றுப்பூண்டின் பூவைப் பார்த்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அத்தனை காலம் காலில் மிதித்து நடந்த பூ அது. ஒரு பூ என்று நினைத்ததற்குள் எத்தனையோ சிறு பூக்கள் இருந்தன.

ஒருமுறை எங்களை வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கும் இந்தியத் தாவர மதிப்பாய்வகத்தின் தென்மண்டல மையத்துக்கு அழைத்துப் போனார். மதராஸ் ஹெர்பேரியம் என்று உலகத் தாவரவியலாளர்கள் சொல்லும் உலர்தாவரத் தொகுப்பு அங்கேதான் இருக்கிறது. நம் ஊருக்குள் இப்படியொரு இடம் இருப்பது பலருக்குத் தெரியாது. தாளில் தைத்து ஒட்டிய செடிகள், பழுப்பேறிய சீட்டுகள். ஒவ்வொரு சீட்டிலும் யார் எடுத்தது, எங்கே எடுத்தது, என்றைக்கு எடுத்தது என்று எழுதியிருந்தது. "இந்த மூணும் இல்லாட்டி இது வெறும் காஞ்ச தழை. உங்க போன்ல எடுக்கற படத்துக்கும் இதே மூணு வேணும்" என்றார் பேராசிரியர்.

அன்றிலிருந்து எங்கள் படமெடுக்கும் முறை மாறியது. செடி முழுசாக ஒன்று, இலையின் மேற்புறம், அடிப்புறம், பூ, காய், தண்டு. பக்கத்தில் அளவுக்கு ஒரு பேனா. இடக்குறிப்பு வசதியைப் போனில் போட்டுவிட்டுத்தான் எடுப்போம். வாட்ஸ்அப் குழுவில் போட்டு எங்களுக்குள் பேசி முடித்த பின், ஐநேச்சுரலிஸ்டில் ஏற்றுவோம். 2008இல் அமெரிக்காவில் பெர்க்லி மாணவர்களின் படிப்புத் திட்டமாகத் தொடங்கியது அது. இன்று எந்த நாட்டுக்காரரும் தன் தெருச் செடியை அதில் பதியலாம், தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள். இன்னொருவரும் அதே பெயரைச் சொன்னால்தான் பதிவு உறுதியாகும். அந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கும். ஒருவர் சொல்லை மட்டும் நம்பி எந்தச் செடிக்கும் தீர்ப்பு எழுதுவதில்லை.

பார்த்தீனியத்தை யாரும் எங்களுக்குக் காட்ட வேண்டியிருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு அதன் பெயர் தெரியும், மீதிப் பேருக்கு அதன் அரிப்பு தெரியும். 1950களில் புனேவில் அதைக் கவனித்துப் பதிந்தார்கள். இறக்குமதிக் கோதுமையோடு வந்தது என்று பலரும் நம்புகிறார்கள். ஒரே செடி பதினைந்தாயிரம் விதைக்கு மேல் உதிர்க்கும். முளைத்து ஒரு மாதத்திலேயே பூத்துவிடும். அதனால் எங்கள் வேலை அது பூப்பதற்கு முன்னால். அந்தப் பருவத்தில் கேரட் தழை போலத் தரையோடு தரையாகப் பரந்திருக்கும். அப்போது அதைக் கண்டுபிடிக்கத்தான் கண் பழக வேண்டும். மண் ஈரமாக இருக்கும்போது கையுறை போட்டு வேரோடு பிடுங்க வேண்டும். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களை நாங்கள் அதன் பக்கத்திலேயே விடுவதில்லை. தையல் கடைக்காரருக்கு ஒருமுறை முழங்கைவரை தடித்துச் சிவந்து, அது ஆற வெகு நாளானது. அதற்குப் பிறகு அவர் படமெடுப்பது, கணக்கு எழுதுவது இரண்டை மட்டும் பார்த்துக்கொள்கிறார்.

ஒரு ஆகஸ்ட் மாதம். அந்த மாதம் 16 முதல் 22 வரை நாடு முழுக்கப் பார்த்தீனிய விழிப்புணர்வு வாரம் என்று வைத்திருக்கிறார்கள். நாங்களும் பள்ளிப் பிள்ளைகளோடு ஒரு பெரிய மனையில் இறங்கியிருந்தோம். ஓட்டுநர் தம்பி "இருங்க இருங்க" என்று கத்தினார். அவர் பிடித்திருந்த செடியில் இலையே இல்லை, நரம்பு மட்டும் நின்றது. இலைக்காம்பில் வெளிறிய நிறத்தில், முதுகில் கரும்பழுப்புக் கோடுகளோடு சின்னச் சின்ன வண்டுகள். மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்து, பார்த்தீனியத்தைத் தவிர வேறு பயிர்களைத் தொடுமா என்று சோதித்து, 1984இல் பெங்களூரில் விட்ட வண்டின் வம்சம் அது. ஜைகோகிராம்மா என்று பெயர். மழைக்காலத்தில் மண்ணுக்குள்ளிருந்து வெளியே வந்து தின்னும், கோடையில் மண்ணுக்குள் போய் உறங்கும். அந்த மனையின் அந்த மூலையில் நாங்கள் கை வைக்காமல் விட்டோம். வண்டு இருக்கும் இடங்களையும் அன்றிலிருந்து குறித்து வைக்கிறோம். எங்கள் வரைபடத்தில் அவற்றுக்குத் தனி நிறம்.

அந்த மனையில்தான் ஆத்தாவைச் சந்தித்தோம். எழுபது தாண்டியவர். பத்துப் பதினைந்து வெள்ளாடுகளை ஓட்டிக்கொண்டு மருதமலைச் சாலைக்கும் ஓடைக்கும் நடுவே தினமும் ஒரு சுற்று வருவார். நாங்கள் ஒவ்வொரு செடியாகப் படமெடுப்பதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏ அம்மணி, இந்தக் கருமத்தப் போட்டாப் புடிச்சு யாருக்குக் காட்டப் போறே?"

"எங்கெங்க இருக்குதுன்னு கணக்கு எடுக்கறமுங்க ஆத்தா."

"கணக்கா? எங்கிட்டக் கேட்டா நாஞ் சொல்ல மாட்டனா? இந்தச் சைட்டுல மூணு வருசம் முந்தி ஒரு பூண்டுகூடக் கெடையாது. அந்தா, அந்த வீட்டுக்குத் தரை மேடாக்க லாரி லாரியா மண்ணு கொட்டுனாங்க பாரு, மிச்சத்த இங்க தள்ளுனாங்க. அந்த மண்ணுலதே மொதல்ல மொளச்சுது. ஆடு மோந்து பாத்துட்டு அப்பால போயிருது. பசியில தின்னுச்சுன்னா பாலு கசக்கும்."

நான் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தேன். எங்கள் குறிப்பேட்டில் 'எங்கே', 'எப்போது' என்ற கட்டங்கள் இருந்தன. 'எப்படி வந்தது' என்பதற்கு ஒரு கட்டம் இருந்தும், பெரும்பாலான பக்கங்களில் அது காலியாகவே இருந்தது. ஒரு இடத்தை ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்ப்பவர்களால் அதை நிரப்ப முடியாது. தினமும் அதே வழியில் நடக்கிறவர், ஆட்டின் வாயைக் கவனிக்கிறவர் நிரப்பினார். அதன் பின் பேராசிரியரே அவரிடம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொள்வார். எந்தப் புல் எங்கே குறைந்தது, எந்த வேலி எப்போது கம்பி வேலியானது, ஓடையில் எந்த வருடம் வரைக்கும் கோரை இருந்தது என்று ஆத்தாவின் வாயிலிருந்து வந்தவை எங்கள் பழைய குறிப்புகளைத் திருத்தின. தாவரங்களைப் பதிவு செய்யும் எந்தக் குழுவும், அந்த நிலத்தில் ஆடு மேய்ப்பவரையும் விறகு பொறுக்குபவரையும் கீரை பறிப்பவரையும் கேட்காமல் தன் பட்டியலை முடிக்கக் கூடாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கீரை பறிப்பவர்கள் என்றதும் குளம் நினைவுக்கு வருகிறது. எங்கள் பகுதியின் குளம், நொய்யல் தண்ணீரை வாய்க்கால் வழியாக வாங்கி அடுத்த குளத்துக்கு அனுப்பும் பழைய குளத்தொடரில் ஒன்று. இப்போது சாக்கடையும் சேர்ந்துதான் வருகிறது. ஆகாயத்தாமரை அதில் நிரந்தரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பூவின் அழகுக்காக வங்காளத்துக்கு வந்து, அங்கிருந்து நாட்டின் நீர்நிலைகளையெல்லாம் பிடித்த செடி. இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகிவிடும். அதைக் கண்டுபிடித்துச் சொல்ல எங்கள் தயவு யாருக்கும் தேவையில்லை.

கல்லூரிப் பெண் கண்டுபிடித்தது வேறு. சாக்கடை வந்து சேரும் முனையில், கை இரண்டையும் விரித்தால் அடங்கிவிடும் அளவில் ஒரு பச்சைத் திட்டு. "பொன்னாங்கண்ணி மாதிரிதான் இருக்குது. ஆனா பூவுக்குக் காம்பு இருக்குதுங்க அத்தை" என்று எனக்குப் படம் அனுப்பினாள். நம் பொன்னாங்கண்ணியின் வெள்ளைப் பூங்கொத்து இலைக் கக்கத்தில் தண்டோடு ஒட்டியே இருக்கும். இதன் பூ நீண்ட காம்பின் நுனியில் நிமிர்ந்து நின்றது. தண்டை ஒடித்தால் உள்ளே குழல் போலப் பொள்ளல். தென் அமெரிக்காவிலிருந்து வந்த அலிகேட்டர் களை. நம் நாட்டின் பல நீர்நிலைகளில் ஏற்கெனவே பரவியிருந்தாலும், எங்கள் குளத்தில் அதுவரை நாங்கள் பார்த்ததில்லை. இது விதையை நம்பிப் பரவுவதில்லை. கணு உள்ள ஒரு துண்டு ஈரத்தில் விழுந்தால் போதும், வேர்விட்டுவிடும்.

கரையில் கீரை பறிக்கும் பெண்களிடம் படத்தைக் காட்டினோம். அவர்களில் ஒருவர் திரையைத் தொடக்கூட இல்லை. "இதுங்களா? தண்டு ஊதலா இருக்கும். போன மழைக்கு வந்துச்சு. நாங்க இதப் பறிக்க மாட்டமுங்க." அதாவது எங்கள் 'புதிய கண்டுபிடிப்பு' அவர்களுக்கு ஒரு மழைக்காலம் பழசு.

உரிய அலுவலகத்துக்கு எழுதினோம். குளத்தில் மிதக்கும் செடிகள் அனைத்தையும் இயந்திரம் வைத்து ஒட்டுமொத்தமாக அள்ளப் போவதாகவும், அப்போது இதுவும் போய்விடும் என்றும் பதில் வந்தது. நல்லெண்ணத்தில் சொன்ன பதில்தான். ஆனால் இயந்திரத்தின் வாயில் அகப்பட்டால் இந்தத் தண்டு நூறு துண்டாகும், நூறும் குளமெங்கும் மிதக்கும். மறுபடி எழுதினோம். இம்முறை படங்களோடும் கணு வேர்விட்ட துண்டுகளோடும் நேரில் போனோம். இளம் பொறியாளர் ஒருவர் கேட்டுவிட்டு, மறுநாள் தானே வந்து பார்த்தார். இயந்திரம் வருவதற்கு முன்பு அந்த முனையை மட்டும் கையால் எடுப்பது என்று முடிவானது. தூய்மைப் பணியாளர்கள் முழங்கால் சேற்றில் இறங்கினார்கள். துண்டு எதுவும் நழுவாமலிருக்கக் கீழ்ப்பக்கத்தில் கொசுவலையைக் கட்டினோம். எடுத்ததைச் சாக்கில் கட்டி, தண்ணீரிலிருந்து தள்ளி, சிமெண்ட் தளத்தில் சருகாகும்வரை காயவைத்தோம்.

இங்கே முடிந்திருந்தால் நல்ல செய்தியாக இருந்திருக்கும். அடுத்த மாதம் அதே இடத்தில் ஐந்தாறு தளிர்கள் எட்டிப் பார்த்தன. அதற்கடுத்த மாதமும் வந்தன. ஒரு வருடம் போல அந்த முனையைவிட்டு எங்கள் கால் நகரவில்லை என்றே சொல்ல வேண்டும். ஒரு செடியைக் குறிப்பவர், அந்த இடத்துக்கு மறுபடி மறுபடி போகக் கடமைப்படுகிறார். படமெடுத்து அனுப்பியதோடு வேலை தீர்ந்தது என்று போனவர்கள் எங்கள் குழுவில் பலர் உண்டு, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், எல்லோருக்கும் ஆயிரம் வேலை. ஆனால் குளத்தைக் காப்பாற்றியது திரும்பத் திரும்பப் போன இரண்டு மூன்று பேர்தான். அந்தக் கல்லூரிப் பெண் தேர்வுக் காலத்தில்கூட விடியற்காலையில் போய்ப் பார்த்துவிட்டு, 'இன்னிக்கு ஒன்னும் இல்லைங்க' என்று செய்தி போடுவாள். ஒன்றும் இல்லை என்பதையும் நாங்கள் பதிந்து வைத்தோம்.

எனக்கு மிகவும் கடினமாக இருந்தது குளமல்ல, எங்கள் தெருவிலேயே இருக்கும் ஒரு வீடு. அந்த வீட்டு அக்கா பூந்தொட்டிகளுக்குப் பேர் போனவர். அவர் வாசலில் மஞ்சள் பூ பூக்கும் கொடி ஒன்று தரையை மூடிப் படர்ந்திருந்தது. மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று சொல்வார். அந்த இலையைப் போட்டு எண்ணெய் காய்ச்சித் தெருவில் பாதி வீட்டுக்குக் கொடுப்பார், எங்கள் வீட்டுக்கும் ஒரு புட்டி வரும். அதிகமானதை அவ்வப்போது கத்தரித்து, எதிரே ஓடை ஓரமாகப் போடுவார். ஓடையோரம் இருந்த கோரையும் வல்லாரையும் போய், அந்த மஞ்சள் பூ மட்டும் நெடுகப் பரவியிருந்தது.

அது மஞ்சள் கரிசலாங்கண்ணி இல்லை. நர்சரிக்காரர்கள் வெடேலியா என்று விற்கும் செடி. சாலை நடுத் திட்டுகளிலும் அடுக்குமாடி வீட்டுத் தோட்டங்களிலும் தரைமூடியாக வைப்பார்கள். மத்திய அமெரிக்கா, கரீபியன் பக்கத்துச் செடி. உலகின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் இதன் பெயரும் இருக்கிறது. நம் மருந்துச்செடிக்கு நெருங்கிய சொந்தம், அதனால் பூவைப் பார்த்தால் ஏமாந்துபோவோம். இலையில் தெரியும்: வெடேலியா இலை மூன்றாகப் பிரிந்த மடலோடு தடிப்பாக, பளபளப்பாக இருக்கும். அசல் மஞ்சள் கரிசலாங்கண்ணி இலைக்கு அந்தப் பிரிவு கிடையாது, ஒடுக்கமாக நீண்டிருக்கும்.

பல வருடம் எண்ணெய் காய்ச்சிக் கொடுத்த கையிடம் இதை எப்படிச் சொல்வது? குழுவில் ஒருவர் ஓடைக்கரையைப் படமெடுத்து அப்படியே புகாராக அனுப்பிவிடலாம் என்றார். நான் மறுத்தேன். அலுவலகத்துக்குச் சொல்வதற்கு முன் அந்த வாசலில் சொல்ல வேண்டும் என்பது என் பிடிவாதம். இந்த வேலையை ஊரைக் காட்டிக்கொடுக்கும் வேலையாக மாற்றினால் மறுநாள் யாரும் கேட்டைத் திறந்து நம்மை உள்ளே விட மாட்டார்கள். பேராசிரியரிடம் சொல்லி அசல் செடியில் ஒரு பதியன் வாங்கி, சின்னத் தொட்டியில் வைத்து எடுத்துப் போனேன்.

"அக்கா, இதையும் உங்க செடியையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க."

அவர் இரண்டு இலையையும் பறித்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கசக்கி மோந்தார். முகம் சுருங்கியது. "நர்சரியில மஞ்சக் கரிசலாங்கண்ணின்னு சொல்லித்தான குடுத்தாங்க கண்ணு. இத்தன நாளா இதப் போட்டா எண்ணெ காச்சுனேன்?" என்றார். அவருக்கு முதலில் வந்தது கோபமல்ல, யாருக்காவது ஏதாவது ஆகியிருக்குமோ என்ற பயம். அதற்குப் பேராசிரியரிடம் கேட்டுவிட்டு ஆறுதல் சொன்னோம். ஓடைக்கரையைப் பற்றி நான் வாயைத் திறக்கவே இல்லை. அவராகவே கேட் அருகே வந்து எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். "அதெல்லாம் நான் போட்டதுதான?" என்று கேட்டார்.

அடுத்த ஞாயிறு அவர் எங்களோடு ஓடைக்கு வந்தார். வெடேலியா கணுவுக்குக் கணு வேர் விடுவது. மேலே இழுத்தால் அறுந்து வரும், மண்ணுக்குள் மிச்சமிருக்கும். மண்வெட்டியால் மண்ணோடு புரட்டி, ஒவ்வொரு துண்டாகப் பொறுக்க வேண்டும். அந்தப் பொறுமை செடி வளர்த்த கைக்கு இருந்தது, எங்களுக்கு இல்லை. அவர் பொறுக்கிய இடத்தில் மறுபடி முளைத்தது குறைவு. இப்போது அவர் வாசலில் அசல் கரிசலாங்கண்ணி இருக்கிறது, மெதுவாகத்தான் படர்கிறது. எங்கள் பக்கத்தில் யார் நர்சரிக்குப் போனாலும் அக்காவிடம் இலையின் படம் அனுப்பிக் கேட்டுவிட்டுத்தான் வாங்குகிறார்கள்.

மலையடிவாரத்துக்குள் நாங்கள் போவதில்லை. மருதமலை அடிவாரம் யானைகள் நடமாடும் இடம். உண்ணிச்செடிப் புதருக்கு அந்தப் பக்கம் யானை நின்றாலும் தெரியாது. சாலையில் நின்றபடி பார்க்க முடிந்ததைக் குறித்து வனத்துறையினரிடம் கொடுப்பதோடு சரி. உண்ணிச்செடி கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு 1809 வாக்கில் அலங்காரச் செடியாக வந்தது, இன்று இந்தியாவின் புலிக் காடுகளில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் பரவியிருக்கிறது என்று 2020இல் வந்த ஆய்வு சொல்கிறது. நீலகிரியில் பழங்குடிக் கலைஞர்கள் அதன் தண்டை வேகவைத்து வளைத்து, ஆளுயரத்துக்கு மேல் யானைகளே செய்கிறார்கள். அவை கடல் கடந்தும் போயிருக்கின்றன. 2022இல் தமிழ்நாடு அரசு அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. காட்டை மீட்பது அதன் மையம். என் ஆசையெல்லாம், அதே அக்கறை காட்டின் எல்லைக்கு வெளியே எங்கள் ஓடைக்கும் சைட்டுக்கும் குளத்துக்கும் வர வேண்டும் என்பதுதான். அடிவாரக் குடியிருப்பின் வேலியிலிருந்துதானே பறவை உண்ணிப் பழத்தைத் தின்று விதையை மேலே கொண்டுபோகிறது?

பிடுங்கிய இடத்தை வெறுமையாக விட்டால் அடுத்த மழைக்கு அதுவே திரும்ப வரும் என்பதையும் கற்றுக்கொண்டோம். ஆத்தாவுடைய யோசனைப்படி, சொந்தக்காரர் சம்மதித்த மனைகளில் ஆவாரம் விதையும் கொழுக்கட்டைப்புல் விதையும் தூவினோம். துத்தி தானாக வந்தது. ஒரு மனையில் புல் நன்றாகப் பிடித்து, ஆத்தாவின் ஆடுகள் அங்கே மேய்ந்தன. வேறொன்றில் பிடிக்கவில்லை. இன்னொன்றில் பிடித்த பிறகு வீடு வந்துவிட்டது.

போன மாதம் ஒரு மாலை ஆத்தாவின் பேரன் போனிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது ஆத்தா.

"அம்மணி, தண்ணித்தொட்டிக்குப் பொறத்தால இருக்கற சைட்டுல லாரி மண்ணு கொட்டுதாமா. சீக்கிரம் வா, போட்டா எடு."

போனோம். இரண்டு லோடு இறங்கியிருந்தது, மூன்றாவது நின்றுகொண்டிருந்தது. மேஸ்திரியிடம் மண் எங்கிருந்து வருகிறது என்று கேட்டோம். எதற்கு என்று கேட்டார். ஓட்டுநர் தம்பி தன் போனில் இருந்த பார்த்தீனியப் படத்தைக் காட்டி விளக்கினார். மேஸ்திரியின் மனைவிக்கு அந்த ஒவ்வாமை உண்டாம். அவரே லாரிக்காரருக்குப் போன் போட்டு விசாரித்தார். தொண்டாமுத்தூர் சாலையில் ஒரு காலி நிலத்து மேல்மண். நாங்கள் அங்கேயும் போய்ப் பார்த்தோம். வெட்டிய குழியைச் சுற்றி, பூவும் விதையுமாக இடுப்பளவு உயரத்தில் அதே செடி.

மண்ணைத் திருப்பி அனுப்ப முடியவில்லை. மேஸ்திரி, கொட்டியதை அப்படியே விடாமல் அடித்தளக் குழிக்குள் அடியில் தள்ளி, மேலே கிணறு வெட்டிய மண்ணைப் போடுவதாகச் சொன்னார். அந்த மனையின் எண்ணை எழுதிக்கொண்டேன். குறிப்பேட்டில் 'எப்படி வந்தது' என்ற கட்டத்தை இந்தத் தடவை செடி முளைப்பதற்கு முன்பே நிரப்பிவிட்டேன். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் அந்த இடத்தை வாரம் தவறாமல் பார்க்கும் பொறுப்பைத் தெருவில் மூன்று வீட்டுப் பிள்ளைகள் ஏற்றிருக்கிறார்கள். அவர்களுக்குக் கேரட் தழையையும் மாசிபத்திரியையும் பார்த்தீனியத்தின் இளஞ்செடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வித்தியாசம் சொல்லிக் கொடுக்கச் சொல்லி அக்காவிடம் கேட்டிருக்கிறேன்.